கேரன் கார்ப்பென்டர்: சோகக் குரலா, டிரம்ஸ்காரியின் குரலா?

4 பிப்ரவரி 2023, காலை 6.40

அண்ணன் ரிச்சர்டோடு சேர்ந்து 'கார்ப்பென்டர்ஸ்' என்ற பெயரில் பாடிய அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் இறந்து இன்றோடு 40 வருடம். விடிவதற்குள் நாலு பேர் வாட்ஸப்பில் பாட்டு அனுப்பிவிட்டார்கள். நாலும் அழுகைப் பாட்டு. அதில் ஒருவர் கூடவே எழுதுகிறார்: "பாவம், சாப்பிடாமலே செத்துப்போன பொண்ணு, குரல்லயே தெரியுது பாருங்க."

எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் எப்படிச் செத்தார் என்று தெரியாத ஒருவருக்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்டினால் சோகம் கேட்குமா? 1970இல் வந்த 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' முதலில் ஒரு வங்கி விளம்பரத்துக்காக எழுதிய மெட்டு. கல்யாணமாகிப் புதுவாழ்க்கை தொடங்கும் ஜோடியைக் காட்டும் விளம்பரம். டி.வி.யில் அதைக் கேட்ட அண்ணன் ரிச்சர்டு, தங்கையைப் பாடவைத்தார். அப்புறம் அமெரிக்காவில் எத்தனையோ கல்யாணங்களில் அதுதான் பாட்டு. அழுகைக் குரலை யாராவது கல்யாண வீட்டில் போடுவார்களா?

என் கட்சி இது: அது சோகக் குரல் இல்லை, கீழ் ஸ்தாயிக் குரல். அதிலும் ஒரு டிரம்ஸ்காரியின் குரல். மறுப்பவர்கள் வரலாம்.

4 பிப்ரவரி, காலை 9.15

"டிரம்ஸா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், டிரம்ஸ்.

டவுனி என்ற கலிஃபோர்னியா ஊரில், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடுக்கு டிமிக்கி கொடுக்கத்தான் பேண்டில் சேர்ந்தார். முதலில் கையில் கொடுத்தது குளோக்கன்ஸ்பீல், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஒரு கருவி. அது பிடிக்கவில்லை. பக்கத்தில் டிரம்ஸ் அடித்த பையன்களைப் பார்த்து அதற்குத் தாவினார். 1966இல் ஹாலிவுட் பௌலில் நடந்த இசைக்குழுப் போட்டியில் ரிச்சர்டு கார்ப்பென்டர் ட்ரியோ ஜெயித்தபோது அண்ணன் பியானோ, நண்பர் ஒருவர் பேஸும் டியூபாவும், தங்கை டிரம்ஸ். வயது 16. பாடியதற்காக வாங்கிய பரிசு இல்லை அது. பிற்காலத்திலும் தன்னைப் பாடத் தெரிந்த டிரம்மர் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

பாட்டு ஹிட்டான பிறகு வந்தது வினை. மேடையில் பாடுகிற பெண் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், கூட்டத்துக்கு முகம் தெரியவில்லை. முன்னால் வந்து நின்று பாடு என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லியே எழுப்பிவிட்டார்கள். அவருக்கு இஷ்டமே இல்லை. கொஞ்ச நாளில் கப்பி ஓபிரையன் அந்த ஸ்டூலில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டார். ஸ்டுடியோவிலும் பெரிய ஹிட்டுகளில் டிரம்ஸ் அடித்தது பெரும்பாலும் ஹால் பிளெய்ன் என்பவர்தான்.

1976 டி.வி. நிகழ்ச்சி ஒன்று யூடியூபில் கிடைக்கிறது. விதவிதமான டிரம்ஸ் செட்டுகளை வரிசையாகப் போட்டு வைத்திருப்பார்கள். கேரன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடி அடிப்பார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சோகப் பாடகி என்று சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு 9.30

இன்று இந்த இழையில் எழுத மனமில்லை. மதியம் நுங்கம்பாக்கத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. வாணி ஜெயராம். பத்மபூஷண் அறிவித்துப் பத்து நாள்தான் ஆகிறது. கையில் வாங்கக்கூட இல்லை.

இதே தேதியா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தேதிக்கு என்ன தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 80களில் மதுரையில் நான் இருந்த மெல்லிசைக் குழுவில் 'ஏழு ஸ்வரங்களுக்குள்' என்று துண்டுச்சீட்டு வந்தால் பாடகிகள் எல்லாம் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஒரே ஒரு அக்காதான் துணிந்து மைக்கைப் பிடிப்பார். அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

5 பிப்ரவரி, மாலை 5.10

"வாணியம்மாவும் கேரனும் ஒரே ரகம்" என்று சேலத்து நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், இல்லை. வாணி ஜெயராமிடம் ஒரு ஸ்வரத்துக்குள் பத்து வளைவு இருக்கும், பத்தும் சுத்தமாக இருக்கும். கேரனிடம் வளைவே கிடையாது. ஒரு ஸ்வரத்தை எடுத்து நேரே வைப்பார், கார்வை கொடுப்பார், எடுத்துவிடுவார். நம் காதுக்கு அது முதலில் வெறுமையாகப் படும். எனக்கும் பட்டது.

பிடிபட்டது 'சூப்பர்ஸ்டார்' பாட்டில். 1971. மேடைக் கலைஞன் ஒருவனை நம்பிக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. லியோன் ரசலும் பானி பிராம்லெட்டும் எழுதியது. மூல வரியில் "உன்னோடு படுக்க" என்று இருந்ததை ரிச்சர்டு "உன்னோடு இருக்க" என்று மாற்றினார். கேரன் அதை இசைக்கலைஞர்களுக்கு வழிகாட்டத்தான் பாடினார், வரிகளைக் கிறுக்கிய காகித நாப்கினைப் பார்த்துக்கொண்டே. முதல் டேக். அதுவே இசைத்தட்டில் வந்துவிட்டது.

அந்தப் பாட்டில் வார்த்தை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். தாளத்தின் மேல் விழாது, மயிரிழை பின்னால் விழும். தாளம் உடம்பிலேயே ஓடுகிறவர்களுக்குத்தான் அந்தத் தாமதம் வரும். தாளம் தெரியாதவர் பிந்தினால் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். இவர் பிந்தினால் நமக்குத்தான் மூச்சு நின்று வருகிறது. அதைத்தான் நீங்கள் சோகம் என்கிறீர்கள்.

குரலின் ஆழமும் அப்படி. கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். என் பழைய கேசட்டைப் போட்டு ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு பெண் இவ்வளவு கீழே போய் இத்தனை தெளிவாக நிற்பது...

சரி, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

6 பிப்ரவரி, இரவு 10.45

திருத்தம். அவமானமான திருத்தம்.

கீபோர்டு வைத்திருக்கும் கோவை நண்பர், நான் நேற்றுத் தனியே அவருக்கு அனுப்பிய சுருதிக் கணக்கு அரைக்கட்டை உதைக்கிறது என்றார். சண்டை போட்டேன். பிறகு கேசட்டையும் போனையும் பக்கத்தில் வைத்து ஒரே பாட்டை ஓட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. என் கேசட் மெதுவாக ஓடுகிறது.

1985இல் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காலி கேசட் வாங்கிக் கொடுத்து, பாட்டுப் பட்டியல் எழுதி, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கியது. அவர்கள் டெக் வேகமாக ஓடியதோ என் டெக் மெதுவாக ஓடியதோ, மோட்டார் 6 சதவீதம் பிசகினால் போதும், அரைக்கட்டை இறங்கிவிடும். குரல் கனக்கும், பாட்டும் மெதுவாகும். 2004இல் சி.டி. வாங்கிக் கேட்டபோது, "என்ன இது, சின்னப்பிள்ளை மாதிரிப் பாடுகிறாள், சி.டி.யில் ஏதோ கோளாறு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் இன்றைக்கு அதை ஞாபகப்படுத்திவிட்டுச் சிரிக்கிறாள்.

ஆக, நான் 19 வருடம் உருகியது கேரன் கார்ப்பென்டரிடம் பாதி, தேய்ந்த ரப்பர் பெல்ட்டிடம் பாதி.

தாளம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன். எல்லாம் சேர்ந்து மெதுவானாலும் பிந்துவது பிந்துவதுதான். சரியான வேகத்தில் மறுபடி கேட்டேன். அப்போதும் பின்னால்தான் விழுகிறது.

6 பிப்ரவரி, இரவு 11.02

கிணறு உவமையை மட்டும் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

9 பிப்ரவரி, இரவு 8.20

இந்த மாதம் யாரையும் விட்டுவைப்பதாக இல்லை. பர்ட் பக்கராக் நேற்று போய்விட்டாராம், வயது 94. 'க்ளோஸ் டு யூ' அவர் மெட்டு, ஹால் டேவிட் வரிகள். கார்ப்பென்டர்ஸுக்கு முன்பே ரிச்சர்டு சேம்பர்லைன் பாடினார், டியான் வார்விக் பாடினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1970இல் இந்த அண்ணன் தங்கை கைக்கு வந்ததும் நாலு வாரம் முதலிடம்.

அண்ணன் ரிச்சர்டு சொன்ன ஒரு சங்கதி எனக்குப் பிடிக்கும். பாட்டை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், ஆனால் நடுவில் வரும் அந்த இரண்டு பியானோத் துணுக்குகளை மட்டும் விட்டுவிடாதே என்றாராம் பக்கராக். ஒவ்வொன்றும் ஐந்து ஸ்வரம், ஒரே எண்ணிக்கைக்குள். நம் மிருதங்கக்காரர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: தகதகிட, கண்ட நடை. நாலு நாலாக எண்ணும் சதுஸ்ரத்தில் சாதுவாகப் போகும் பாட்டின் நடுவே இரண்டு முறை கண்டத்தில் ஒரு கிள்ளு. கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

அதில் டிரம்ஸ் ஹால் பிளெய்ன். இதை எழுதும்போதே எரிகிறது.

10 பிப்ரவரி, காலை 7.05

தகதகிட சரியாக வருகிறது என்று கடைசியாக ஒருவராவது ஒத்துக்கொண்டாரே. நன்றி.

12 பிப்ரவரி, மதியம் 3.30

கொழும்பிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்ததை இரண்டு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் மகள் விடுதியில் இருந்தபோது சாப்பாட்டை நிறுத்திவிட்டாளாம். வீட்டுக்காரர்கள் ஏதோ டயட் என்று இருந்தார்களாம். அந்த அக்கா கேட்கிறார்: "சோகம் இல்லை, சோகம் இல்லை என்று நீங்கள் வாதாடுவதில் அந்தப் பிள்ளையின் வருத்தமே இல்லாமல் போகிறதே, அது நியாயமோ?"

நியாயமில்லை அக்கா. நான் சொல்ல வந்தது வேறு, சொன்ன விதம் தப்பு.

தேதிகளை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டுப் பார்த்தேன். 1975இல் உடம்பு முடியாமல் பிரிட்டன், ஜப்பான் பயணங்களை நிறுத்த வேண்டி வந்தது. எடை 40 கிலோவை ஒட்டி வந்துவிட்டது. அதே வருடம் வந்த தட்டு 'ஹொரைஸன்'. என் காதுக்கு அவர் குரல் உச்சத்தில் இருப்பது அதில்தான். ஒரு இடத்தில்கூட மூச்சு தடுமாறவில்லை. 1982 ஏப்ரலில் பதிவான 'நௌ', அவர் கடைசியாகப் பாடியவற்றில் ஒன்று. அதிலும் சுருதி கல் மாதிரி நிற்கிறது.

"குரல்லயே தெரியுது" என்றாரே வாட்ஸப் நண்பர், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதைத்தான் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அதே விஷயம் பயமாக இருக்கிறது. அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தோம், குரலில் ஒன்றும் தெரியவில்லை.

இறந்தபோது அது என்ன நோய் என்றே வெளியில் பலருக்குத் தெரியாது. பசியின்மை நோய் (அனோரெக்சியா) என்ற பெயர் பத்திரிகைகளில் பரவலாக அடிபட்டதே அவர் சாவுக்குப் பிறகுதான்.

14 பிப்ரவரி, இரவு 9.00

எந்த மிக்ஸ் கேட்பது என்று மேலே நடக்கும் சண்டையில் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ரிச்சர்டு இந்தப் பாட்டுகளை விடுவதே இல்லை. பியானோவை மறுபடி வாசிப்பார், டிரம்ஸை மாற்றுவார், எதிரொலி சேர்ப்பார். நாற்பது வருடமாக அதே மாவை ஆட்டிக்கொண்டிருக்கிறார், மாவு நன்றாகத்தான் இருந்தது. தங்கை இல்லாத வீட்டில் தங்கையின் குரலை மட்டும் தினமும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் போய் "1971 மிக்ஸ்தான் ஒரிஜினல்" என்று யார் சொல்வது?

மெதுவாக ஓடும் கேசட் வைத்திருந்தவன் மிக்ஸ் பற்றிப் பேசக்கூடாது என்று ஒருவர் எழுதியிருப்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

15 பிப்ரவரி, காலை 6.15

கிட்டாருக்கு ஒரு வரி, மறந்துவிட்டேன். 1972, 'குட்பை டு லவ்'. மெல்லிய காதல் பாட்டின் நடுவே டோனி பெலூசோ கரகரவென்று ஃபஸ் கிட்டாரை இழுத்தார். கார்ப்பென்டர்ஸ் கெட்டுப்போய்விட்டார்கள் என்று ரசிகர்கள் கோபக் கடிதம் போட்டார்கள். பிறகு ஊரெல்லாம் காதல் பாட்டின் நடுவே அந்த மாதிரிக் கிட்டார் வந்தது.

19 பிப்ரவரி, இரவு 11.40

பரமக்குடி நண்பர் நேராகவே கேட்டுவிட்டார்: "கேரனை டிரம்ஸிலிருந்து எழுப்பிவிட்டதுக்கு உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு கோபம்? ஹால் பிளெய்ன் உங்க பங்காளியா?"

சொல்லிவிடுகிறேன்.

1984. அந்த அக்கா, வாணி ஜெயராம் பாட்டுக்குத் துணிந்தவர் என்றேனே, அவர் குழுவுக்குப் பாட வரவில்லை. டிரம்ஸ் அடிக்க வந்தார். அப்பா போலீஸ் பேண்டில் சைடு டிரம். வீட்டில் மரப்பலகையில் குச்சி வைத்துத் தட்டித் தட்டியே கற்றவர். முதல் ஒத்திகையில் அவர் போட்ட ரோல் இன்னும் என் காதில் இருக்கிறது. அரிசி கொட்டுகிற மாதிரி, ஒரு மணிகூடப் பிசகாமல்.

எங்கள் மாஸ்டர் இரண்டு ஒத்திகை பார்த்தார். மூன்றாவது நாள், "பொம்பளப்பிள்ளை மேடையில காலை அகட்டி உட்கார்ந்து அடிச்சா கோயில் கமிட்டிக்காரன் என்னய்யா சொல்லுவான்?" என்றார். அக்காவுக்குப் பாடவும் வரும் என்று யாரோ சொன்னார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். குச்சி மிச்சம் இருந்தது. மூலையில் பாங்கோஸ் தட்டிக்கொண்டிருந்த பையன் கையில் கொடுத்தார்கள்.

அந்தப் பையன் நான்.

அடிக்கத் தெரியாது எனக்கு. மூன்று மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் அந்த அக்காதான். பாடும்போது இடது கை விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். நான் ஓட ஆரம்பித்தால் திரும்பிப் பார்க்கமாட்டார், முந்தானையை ஒரு இழுப்பு இழுப்பார். அது எனக்கான சைகை. கூட்டம் அதை ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டும். ஒன்பது வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கேசட்டில் பாடுவது ஒரு டிரம்ஸ்காரி என்பது எனக்குத் தெரிந்தது 90களில், ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில். அன்றைக்கு வந்த கோபம். அது ஹால் பிளெய்ன் மேல் வந்த கோபம்தானா என்று இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது. பாவம், மனிதர் நன்றாகத்தான் அடித்திருக்கிறார்.

20 பிப்ரவரி, காலை 6.00

ராத்திரி நிறைய எழுதிவிட்டேன். "அக்காவிடம் பேசினீர்களா?" என்று ஏழு பேர் கேட்கிறீர்கள். முப்பது வருடமாகிறது. எண் இல்லை.

26 பிப்ரவரி, மாலை 6.50

எண் கிடைத்துவிட்டது. பழைய கீபோர்டுக்காரர் கொடுத்தார். இன்னும் கூப்பிடவில்லை.

2 மார்ச், இரவு 9.15

கேரன் இருந்திருந்தால் இன்று 73 வயது. அந்தச் சாக்கில் போன் போட்டேன்.

குரலைக் கேட்டதும் "யாரு, ஓட்டக்காரனா?" என்றார். தாளத்தில் ஓடுகிறவன் என்பதால் குழுவில் எனக்கு அந்தப் பெயர். மறந்தே போயிருந்தேன்.

சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். உங்களைக் குச்சியை விட்டு எழுப்பினது தப்புக்கா, எனக்கு இன்னும் உறுத்துது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு.

"ஏய் தம்பி, பாடுறவளுக்குக் கச்சேரிக்கு எழுபத்தஞ்சு ரூவா. உனக்கு எவ்வளவு?"

நாற்பதுக்கா.

"அப்புறம் என்ன? தங்கச்சி ரெண்டு பேரும் அந்தக் காசுலதான் டைப்பிங் படிச்சாளுக. நான் எதுக்கு நாற்பது ரூவாய்க்கு டிரம்ஸைத் தூக்கி வேன்ல ஏத்தணும்?"

19ஆம் தேதிப் பதிவை அப்படியே அழித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் போனை வைக்கிற நேரத்தில், நான் கேட்காமலே, "பேரன் பள்ளிக்கூடத்துல பேண்டுல இருக்கான், சாயந்திரம் பலகையில நாந்தான் சொல்லிக்குடுக்கறேன்" என்றார். இதையும் இங்கே எழுதுகிறேன், எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கேரன் கதையைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. "இங்கிலீஷ் பாட்டு எனக்கு எங்க புரியப்போகுது, அனுப்பு" என்றார். 'க்ளோஸ் டு யூ' அனுப்பினேன்.

3 மார்ச், காலை 7.20

காலை ஐந்தரைக்கே குரல் செய்தி. பின்னால் குக்கர் சத்தம். "தம்பி, கேட்டேன். பிள்ளை நல்லா அடக்கிப் பாடுது. ஆனா டிரம்ஸ் அந்தப் பிள்ளையா வேற ஆளா? அது மூச்சுக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தம் இல்லையே."

இல்லைக்கா, வேற ஆள், ஹால் பிளெய்ன்னு ஒருத்தர் என்று எழுதினேன். "அதானே" என்று ஒரே சொல் வந்தது.

1973இல் வந்த 'நவ் அண்ட் தென்' தட்டில் பெரும்பாலும் கேரனே டிரம்ஸ். அதிலிருந்து 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' இப்போதுதான் அனுப்பியிருக்கிறேன். யார் அடிப்பது என்று சொல்லவில்லை. இன்னும் நீல டிக் விழவில்லை.